லேத்திலிருந்து சிஎன்சிக்கு: வேலையை விடாமல் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து வருடமாக லேத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவை கணபதியில், அம்பத்தூர் எஸ்டேட்டில், ஓசூர் சிப்காட்டில் ஏதோ ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டர்னராக இருப்பவர் நீங்கள். ஐடிஐ முடித்தவராக இருக்கலாம். பத்தாவதோடு நிறுத்திவிட்டு, தெரிந்தவர் பட்டறையில் கூடமாட நின்றே தொழிலைப் பழகியவராகவும் இருக்கலாம். முதலாளி புதிதாக இரண்டு சிஎன்சி மெஷின் இறக்கியிருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பையன் அதன் முன்னால் நிற்கிறான். "இந்த வயசுக்கு மேல நமக்கு எங்க வரப்போகுது" என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்தும் வந்திருக்கும்.

வரும். அந்த மெஷினில் கற்க மிகக் கடினமான பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. இரும்பு எப்படி வெட்டுப்படும், டூல் மழுங்கினால் சத்தம் எப்படி மாறும், சூடான ஜாபை அளந்தால் அளவு ஏன் பொய் சொல்லும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அதைக் கற்கப் பல வருடம் ஆகும். அவனிடம் இருப்பதை நீங்கள் சில மாதங்களில் கற்கலாம்.

நடுவயதில் புதிதாகக் கற்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தெரிந்த தொழிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊர் பேசும் படிப்பின் பின்னால் ஓடாதீர்கள். தெரிந்த தொழிலுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்குக் கையில் ஒரு சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போதே?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா தன் கைபேசித் தொழிலை 2014-ல் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றது. தயாரித்த கைபேசிகளை வாங்க ஆள் இல்லாமல் அதே ஆண்டு நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. 2019-ல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் அந்த இடத்தை வாங்க முன்வந்தது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடும் அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு கார் உற்பத்தி நின்றது. 2024-ல் அதே நிறுவனம் திரும்பி வரும் விருப்பத்தை அரசுக்குத் தெரிவித்தது.

இந்த முடிவுகள் எதையும் தொழிலாளர்கள் எடுக்கவில்லை. நோக்கியாவின் பின்லாந்திலும் ஃபோர்டின் மிச்சிகனிலும் எடுத்தார்கள். அப்படி ஒரு ஆலை மூடும்போது, "அந்த லைனில் அந்த ஒரு ஸ்டேஷன்" மட்டுமே தெரிந்தவர் அடுத்த கேட்டில் சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். டிராயிங் பார்த்து ஜாபை செட் பண்ணத் தெரிந்தவரையோ எந்தக் கேட்டுக்குப் போனாலும் உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். கற்கச் சொல்வது இதனால்தான். உழைக்கும் மனிதரின் தொழில் ஒரு கம்பெனியோடு மூடிப்போகக் கூடாது.

படி 1: தெரிந்ததை எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். செய்த வேலைகளை எழுதுங்கள்: என்ன பார்ட், என்ன மெட்டீரியல், எவ்வளவு டாலரன்ஸ், எதைக் கொண்டு அளந்தீர்கள், எத்தனை பீஸ். "எல்லா வேலையும் தெரியும்" என்று வாயால் சொல்வதற்கும், "ஈஎன்8 ஷாஃப்ட், பேரிங் சீட்டிங் இருபது மைக்ரானுக்குள், மாதம் ஐந்நூறு பீஸ்" என்று எழுதிக் காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இந்த நோட்டு கடைசிவரை வேலைக்கு ஆகும், பத்திரமாக வையுங்கள். பக்கத்திலேயே தெரியாததையும் ஒரு பட்டியலாகப் போடுங்கள். உள் திரெட்டா, மைக்ரோமீட்டரா, டிராயிங்கில் வரும் குறிகளா? வெட்கப்படாமல் எழுதுங்கள். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

படி 2: உங்கள் பட்டறைக்கு வரும் ஜாப் எங்கே போகிறது?

நீங்கள் கடையும் பார்ட் எதில் மாட்டப்படுகிறது என்று முதலாளியிடமோ சூப்பர்வைசரிடமோ கேளுங்கள். பம்ப்பா, டிராக்டரா, ஜவுளி மெஷினா, காரா? காருக்கு என்றால், என்ஜினுக்கா வேறு இடத்துக்கா?

மின்சாரக் காரில் பிஸ்டன் இல்லை, கிராங்க் ஷாஃப்ட் இல்லை, வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. இவற்றை மட்டுமே செய்யும் பட்டறையில் இருப்பவர் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆனால் மோட்டாருக்கும் ஷாஃப்ட் வேண்டும், பேரிங் உட்காரும் ஹவுசிங் வேண்டும், கியர் வேண்டும். அங்கே டாலரன்ஸ் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். கடையும் வேலை மறைந்துவிடாது. கடையும் பொருள்தான் மாறுகிறது.

பக்கத்துத் தொழில்களில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்ததும் பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. சென்சாரும் ஸ்கேனரும் கற்றுக்கொண்ட மெக்கானிக் கடைக்குப் புது வண்டிகள் வருகின்றன. கற்காதவர் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிறார். ஐரோப்பாவில் முதலில் போட்ட மாசு விதியின் வழியிலேயே நம் விதியும் எழுதப்பட்டது. அதன் விளைவு தெருமுனை ஒர்க்‌ஷாப் வரை வந்து நின்றது.

படி 3: டிராயிங் படிக்கப் பழகுங்கள்

முதல் இரண்டு மாதம் சிஎன்சி மெஷின் பக்கமே போக வேண்டாம். டிராயிங்கைப் படியுங்கள். நிறையப் பேர் இதைத் தாண்டிக்கொண்டு நேராக புரோகிராமுக்குப் போகிறார்கள். அப்படிப் போனால் பட்டன் அழுத்தும் ஆபரேட்டராகவே நின்றுவிட நேரும். பட்டறையில் ஆபரேட்டருக்கு ஒரு சம்பளம், செட்டருக்கு ஒரு சம்பளம். நடுவில் உள்ள சுவர் இந்தக் காகிதம்தான்.

முதலில் காட்சிகள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் முதல் கோண முறையில் வரைவார்கள்: மேலிருந்து பார்க்கும் காட்சி முன்காட்சிக்குக் கீழே வரும். அமெரிக்க டிராயிங்கில் மூன்றாம் கோணம்: மேல்காட்சி மேலேயே இருக்கும். எந்த முறை என்பதை டைட்டில் பிளாக்கில் உள்ள, நுனி வெட்டிய கூம்புக் குறி சொல்லும். அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் கீவே தப்பான பக்கத்தில் விழும். மொத்த லாட்டும் ஸ்கிராப். அளவு மில்லிமீட்டரிலா இன்ச்சிலா என்பதும் அங்கேதான் இருக்கும். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர்.

அடுத்தது டாலரன்ஸ். டிராயிங்கில் '25 ஹெச்7' என்று இருந்தால், அந்த ஓட்டை 25.000-க்குக் குறையக் கூடாது, 25.021-ஐத் தாண்டக் கூடாது. இருபத்தோரு மைக்ரான் இடம். ஆங்கிலப் பெரிய எழுத்து ஓட்டைக்கு, சின்ன எழுத்து ஷாஃப்ட்டுக்கு. இந்த அட்டவணை உலகம் முழுக்க ஒன்றுதான். ஜெர்மனியில் கடைந்த ஷாஃப்ட் கோவையில் கடைந்த ஓட்டைக்குள் உட்காருவது இதனால்தான்.

உங்கள் அனுபவம் இங்கே எவ்வளவு மதிப்புள்ளது என்று பாருங்கள். நூறு மில்லிமீட்டர் இரும்பு ஷாஃப்ட் பத்து டிகிரி சூடு ஏறினால் சுமார் 11, 12 மைக்ரான் நீளும். நூறு மில்லிமீட்டர் விட்டம் என்றாலும் அதே அளவு விரியும்; அந்த விட்டத்துக்கு ஹெச்7-ல் கிடைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அளவெல்லாம் இருபது டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்பட்டவை என்பது புத்தகம். "ஆறட்டும், அப்புறம் அளக்கலாம்" என்று நீங்கள் பத்து வருடமாகச் சொல்லிவருவது அதே விஷயம்தான். காரணம் தெரிந்துகொண்டால் அடுத்தவருக்கும் விளக்கிச் சொல்லலாம்.

படிக்கப் புத்தகம் வேண்டும் என்றால், ஐடிஐக்களுக்குப் பாடநூல் தயாரிக்கும் நிமி நிறுவனம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் டிரேடுகளுக்குத் தியரி, பிராக்டிகல் நூல்களைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பாடங்களும் கேள்வி வங்கியும் இலவசம். எந்தக் கோச்சிங் சென்டருக்கும் போவதற்கு முன்னால் டர்னர் டிரேடின் முதலாண்டுத் தியரி நூலை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். அந்தத் தெம்பும் தேவை.

படி 4: கொஞ்சம் கணக்கு

பயப்பட வேண்டிய அளவு இல்லை. தசமப் புள்ளி, முக்கோணத்தின் சைன், கொசைன், டேன், அப்புறம் ஒரே ஒரு சூத்திரம்: வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, அதை பை பெருக்கல் விட்டத்தால் வகுத்தால் சுழற்சி வேகம். நாற்பது மில்லிமீட்டர் ராடில் நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகம் வேண்டும் என்றால் ஏறக்குறைய 955 ஆர்பிஎம். கியர் மாற்றிச் சத்தத்தை வைத்துப் பிடித்த வேகத்தை இப்போது எண்ணாகச் சொல்கிறீர்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் திரிகோணவியலுக்கு அவர்களையே வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம்.

படி 5: ஜி கோடு

சிஎன்சி லேத்துக்கு இரண்டு அச்சு. எக்ஸ் என்பது விட்டம், இசட் என்பது நீளம். எக்ஸ் 40 என்றால் நாற்பது விட்டத்துக்கு டூல் போகும். கைச்சக்கரத்தில் ஆரத்துக்குக் கட் கொடுத்துப் பழகியவர்களுக்கு முதல் வாரம் இதுதான் குழப்பும்.

தினமும் தேவைப்படும் கோடுகள் குறைவு. ஜி00 வெட்டாமல் வேகமாக நகர, ஜி01 நேராக வெட்ட, ஜி02-ம் ஜி03-ம் வளைவுக்கு. எம்03 ஸ்பிண்டில் சுற்ற, எம்05 நிற்க, எம்08 கூலன்ட் திறக்க, எம்30 புரோகிராம் முடிய. ஃபானுக் கன்ட்ரோலில் ஜி71 ரஃப் வெட்டு, ஜி70 ஃபினிஷிங், ஜி76 திரெட். இவ்வளவு தெரிந்தால் ஸ்டெப் ஷாஃப்ட் ஒன்றுக்கு முழு புரோகிராமும் காகிதத்தில் எழுதிவிடலாம். ஃபானுக் ஜப்பான், சீமென்ஸ் ஜெர்மனி, ஹாஸ் அமெரிக்கா. கோடுகளின் அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்று, சைக்கிள்களும் திரையும்தான் மாறும். உங்கள் பட்டறையில் எது இருக்கிறதோ அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆபத்துகளை மட்டும் நின்று சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இதில் விரல் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது.

ஒன்று, தசமப் புள்ளி. பல ஃபானுக் மெஷின்களில் எக்ஸ்50 என்று புள்ளி இல்லாமல் அடித்தால், அதை ஐம்பது மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாது, ஐம்பது மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். டூல் நேரே மையத்தை நோக்கிப் பாயும். எண்ணுக்குப் பின் புள்ளி வைப்பதை விரலுக்குப் பழக்கமாக்குங்கள்.

இரண்டாவது, ஜி96. வெட்டு வேகத்தை ஒரே அளவில் வைக்கும் கோடு இது. மேலே சொன்ன சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள்: விட்டம் குறையக் குறைய ஆர்பிஎம் ஏறும். ஃபேஸிங்கில் டூல் மையத்துக்கு வரும்போது விட்டம் சுழிக்குப் போகிறது. மெஷின் தன் உச்ச வேகத்துக்கு ஏறப் பார்க்கும். பெரிய ஜாபைச் சக்கில் பிடித்திருந்தால் ஜா தளர்ந்து ஜாப் பறக்கும். அதனால் ஃபானுக்கில் ஜி50 கொடுத்து உச்ச வேகத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும். அது இல்லாத புரோகிராமை யார் கொடுத்தாலும் ஓட்டாதீர்கள். சூப்பர்வைசரே கொடுத்தாலும்தான்.

எழுதிய புரோகிராமைச் சோதிக்க மெஷின் வேண்டியதில்லை. என்சி வியூவர் போன்ற இலவச தளங்களில் அதைப் போட்டால் டூல் போகும் பாதையை வரைந்து காட்டும். டிராயிங் வரைந்து பழக ஃப்ரீகேட் என்ற மென்பொருள் இலவசம். பழைய கம்ப்யூட்டரே போதும்.

படி 6: சென்டர் தேர்ந்தெடுப்பது

பணம் வீணாகும் இடம் இது. "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று போர்டு வைத்திருக்கும் இடத்துக்குள் போகவே வேண்டாம் என்பேன். மற்ற இடங்களில் பணம் கட்டும் முன் கேளுங்கள்: நிஜ மெஷின் எத்தனை, சிமுலேட்டர் எத்தனை? ஒரு ஆளுக்கு மெஷினில் எத்தனை மணி நேரம்? சக்கில் ஜாப் பிடித்து, டூல் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸ் வரை நானே செய்ய விடுவீர்களா? சொல்லித்தருபவர் ஷாப் ஃப்ளோரில் எத்தனை வருடம் இருந்தார்? ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு சார்ந்த இடங்களை முதலில் பாருங்கள். சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் என்எஸ்ஐசியின் தொழில்நுட்பச் சேவை மையம் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் தரம் உயர்த்தும் திட்டத்தில் சிஎன்சி, ரோபோ உள்ளிட்ட புது மெஷின்கள் வந்திருக்கின்றன. அருகில் உள்ள ஐடிஐக்கு நேரில் போய், வேலையில் இருப்பவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். போனில் கேட்டால் பெரும்பாலும் சரியான பதில் கிடைக்காது.

டிப்ளமோ முடித்தவராக இருந்தால் என்பிடெல் பாடங்களையும் பார்க்கலாம். ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்துவது. கேட்பது இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பத்தாவதோடு நின்றவருக்கு அதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். பொறியியல் மாணவர் மட்டத்தில் பேசுவார்கள், மனம் ஒடிந்துபோகும்.

படி 7: சொந்தப் பட்டறையிலேயே மெஷினில் நில்லுங்கள்

முதலாளியிடம் கேட்க ஒரு விதம் உண்டு. "அண்ணா, ராத்திரி ஷிஃப்ட்ல ஆள் வராத அன்னைக்கு நான் சிஎன்சி பாத்துக்கறேன்" என்று கேளுங்கள். ஆள் வராத நாள் அவருக்குத் தலைவலி. நீங்கள் அதற்கு மருந்தாக வருகிறீர்கள். தொடங்கும்போது லோடிங், அன்லோடிங், அளவு பார்ப்பது, டூல் தேய்மானத்துக்கு வேர் ஆஃப்செட் போடுவது. பிறகு இன்சர்ட் மாற்றுவது. கடைசியில் புது செட்டிங்.

அந்த இருபத்திரண்டு வயதுப் பையனைத் தம்பி என்று கூப்பிட்டுக் கேளுங்கள். அவனிடம் திரையைக் கற்றுக்கொண்டு, அவனுக்கு இரும்பைக் கற்றுக்கொடுங்கள். இரண்டு பேருக்கும் லாபமான பேரம் இது.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய லேத்தில் கனம் தூக்குவதைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். சின்ன பார்ட் ஓடும் சிஎன்சியில் அந்தக் காரணம் நிற்காது. அசெம்பிளி லைனில் இருக்கும் பெண்கள் இதே படிகளில் வரலாம். அளவு பார்க்கும் க்வாலிட்டி பிரிவு வழியாக நுழைவது சுலபம்.

படி 8: சான்றிதழ்

வேலை தெரிந்தும் காகிதம் இல்லாததால் சம்பளம் ஏறாதவர்கள் நம் ஊரில் ஏராளம். இரண்டு வழி இருக்கிறது. வேலை அனுபவத்தை வைத்து, ஐடிஐயில் சேராமலே அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள தகுதியைப் பார்த்து விண்ணப்பியுங்கள். பட்டறை முதலாளி தரும் அனுபவச் சான்று அதற்குத் தேவைப்படும், இப்போதே கேட்டு வாங்குங்கள். பட்டறையை மூடிவிட்டுப் போன பிறகு அவரைத் தேடி அலைய முடியாது. இன்னொன்று முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்பிஎல் முறை. சிஎன்சி ஆபரேட்டர் பணிக்கு கேபிடல் குட்ஸ் ஸ்கில் கவுன்சில் தரம் வகுத்திருக்கிறது. எனக்கு முதல் வழிதான் கனமாகத் தெரிகிறது. கடினம், ஆனால் அந்தச் சான்றை எந்தக் கம்பெனியும் மறுகேள்வி கேட்காது.

பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முறையாக முடித்தவருக்கு இன்னொரு கதவு: பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. டிப்ளமோவுக்குப் பின் வேலையில் இருந்தபடியே பகுதிநேர பி.இ.யும் கோவையில் உண்டு.

படி 9: நேரமும் வீடும்

ஷிஃப்ட் மாறும் வாரத்தில் படிப்பு நின்றுபோகும். அதற்காக விட்டுவிடாதீர்கள், அந்த வாரம் புத்தகம் மட்டும், பகல் ஷிஃப்ட் வாரத்தில் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இரண்டு மணி நேரம் படிக்க யாராலும் முடியாது. அரை மணி நேரம் போதும். ஓவர்டைம் குறைவதால் வரும் நஷ்டத்தை வீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். ஆறு மாதத்துக்கு எவ்வளவு குறையும் என்று எண்ணாகச் சொல்லுங்கள். கந்துவட்டிக்குக் கடன் வாங்கி எந்தக் கோர்ஸிலும் சேர வேண்டாம்.

படி 10: வெளிநாட்டு வாய்ப்பு வந்தால்

ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு எண் கேட்டால் தயங்குபவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் மறுத்துவிடுங்கள். வேலைக்கென்று கூட்டிப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளின் செய்தி 2022-ல் நாம் படித்ததுதான். நல்ல கம்பெனி டிரேடு டெஸ்ட் வைக்கும். டிராயிங்கைக் கொடுத்து ஒரு பீஸ் செய்து காட்டச் சொல்லும். அதற்கு மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் கைகொடுக்கும்.

அதற்குப் பிறகு

செட்டராக ஒன்றிரண்டு வருடம் நின்றபின் பாதை பிரியும். அளப்பதில் ருசி உள்ளவர், பார்ட்டை அளக்கும் சிஎம்எம் மெஷின் பக்கம் போகலாம். புரோகிராமில் ருசி உள்ளவர், கம்ப்யூட்டரில் புரோகிராமை உருவாக்கித் தரும் கேம் (CAM) மென்பொருள் கற்கலாம். சொல்லிக்கொடுப்பதில் மனம் உள்ளவர்களுக்கு, பயிற்றுநர் ஆவதற்கான சிஐடிஎஸ் என்ற ஓராண்டுப் பயிற்சி கிண்டி தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் நடக்கிறது. அதில் சேரத் தொழிற்சான்றிதழ் கேட்பார்கள். எட்டாம் படியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.